ஒரு நாட்டின் ஏற்றுமதியை எந்த எண்ணை வைத்து எடைபோடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "பங்களாதேஷின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்றுதான் படித்துவந்தேன். 2024 ஜூலையில் 1,380 கோடி டாலர் கணக்கிலேயே இல்லை என்றார்கள். அப்படியானால் ஒரு வளரும் நாடு சரக்கு ஏற்றுமதியில் நன்றாகச் செய்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எண் சரியாக எண்ணப்பட்டதா என்பது ஒன்று. சரியாகவே எண்ணப்பட்டிருந்தாலும் அந்த எண் திறமையைக் காட்டுகிறதா என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பெரும்பாலும் உறுதியான விடை உண்டு. இரண்டாவதில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. அது தெரியாமல் பேசப்படுவதுதான் அதிகம்.

முதலில் அந்த 1,380 கோடி. 2023-24 நிதியாண்டின் ஜூலை முதல் ஏப்ரல் வரையிலான பத்து மாதங்களுக்கு பங்களாதேஷ் அரசின் ஏற்றுமதி மேம்பாட்டுப் பணியகம் சொன்ன தொகை 4,747 கோடி டாலர். அதே பத்து மாதங்களுக்குப் அந்நாட்டு மத்திய வங்கியான பங்களாதேஷ் வங்கி தன் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் (வெளிநாடுகளோடு நடக்கும் எல்லா வரவுசெலவும் எழுதப்படும் கணக்கு) எழுதியது 3,367 கோடி. வித்தியாசத்துக்கு மத்திய வங்கி சொன்ன காரணங்கள் பல. ஒரே சரக்கின் பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கணக்கில் ஏறியது. ஏற்றுமதி மண்டலத்தில் இருக்கும் ஆலை உள்நாட்டு ஆலைக்கு விற்றதையும் ஏற்றுமதி என்று சேர்த்தது. மாதிரிச் சரக்குக்கு விலை போட்டது. வாங்குபவர் கொடுத்த துணியைத் தைத்து அனுப்பும்போது தையல் கூலியை மட்டும் எழுதாமல் துணியின் விலையையும் சேர்த்தது. பிறகு வந்த தள்ளுபடி, கமிஷன், ஸ்டாக் லாட் (தேங்கிப்போய் மலிவாகத் தள்ளிய சரக்கு) இழப்பு ஆகியவற்றைக் கழிக்காமல் விட்டது.

இவை எல்லாவற்றையும் "பொய்க்கணக்கு" என்ற ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. இரண்டு தடவை எண்ணியது தெளிவான பிழை. மண்டல விற்பனையும் அப்படியே. மண்டலத்து ஆலை துணியை வெளியே இருக்கும் தையல் ஆலைக்கு விற்கும்போது ஒரு தடவை எண்ணப்படுகிறது. அந்தத் துணி சட்டையாகி சிட்டகாங் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது சட்டை விலைக்குள் ஒளிந்து மறுபடியும் எண்ணப்படுகிறது. ஆனால் தையல் கூலி விஷயம் வேறு. ஐக்கிய நாடுகள் புள்ளியியல் பிரிவின் சரக்கு வணிக வழிகாட்டுதல்படி, எல்லையைக் கடந்த சரக்கின் முழு மதிப்பையும் சுங்கப் புள்ளிவிவரத்தில் எழுதத்தான் வேண்டும். துணி யாருக்குச் சொந்தம் என்று அது கேட்பதில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் செலுத்துநிலைக் கையேட்டின் ஆறாம் பதிப்புதான், உரிமை கைமாறாத சரக்கைச் சரக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கூலியை மட்டும் சேவைக் கணக்கில் எழுதச் சொல்கிறது. ஆக, இங்கே இரண்டு எண்ணும் வேறுபடுவது இயல்பு. திருத்தத்துக்குப் பிறகும் 2023-24 முழு ஆண்டுக்குப் பணியகத்தின் எண் சுமார் 4,450 கோடி, மத்திய வங்கியின் எண் சுமார் 4,080 கோடி என்று நிற்கிறது. இடைவெளி இருப்பதே குற்றமில்லை. அது ஏன் இருக்கிறது என்று உருப்படி உருப்படியாகச் சொல்ல முடியாமல் போனால்தான் குற்றம்.

இந்தப் பிழையை முன்பே பிடித்திருக்கலாமா என்றால், பிடித்திருக்கலாம். சரக்கு போனதாக எழுதிவிட்டு அதற்குரிய பணம் வராவிட்டால், செலுத்துநிலைக் கணக்கு அதை "வாங்கியவருக்குக் கொடுத்த கடன்" என்று, கடனும் முதலீடும் எழுதப்படும் நிதிக் கணக்கில் போட்டுக்கொள்ளும். போகாத சரக்குக்குப் பணம் எப்படி வரும்? அந்தக் கற்பனைக் கடன் மாதாமாதம் வீங்கிக்கொண்டே போனது. ஏற்றுமதி எண்ணைக் குறைத்த அன்றே, சரக்கு, சேவை போன்றவற்றின் வரவுசெலவைக் காட்டும் நடப்புக் கணக்கு உபரியிலிருந்து பற்றாக்குறைக்கும், நிதிக் கணக்கு பற்றாக்குறையிலிருந்து உபரிக்கும் புரண்டது அதனால்தான். எந்த நாடாக இருந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: சுங்கம் எழுதிய ஏற்றுமதி, வங்கிக்கு வந்து சேர்ந்த ஏற்றுமதிப் பணம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி. பங்களாதேஷில் சரக்கு போன நான்கு மாதத்துக்குள் பணம் வர வேண்டும் என்பது விதி. எனவே நான்கு மாதம் தள்ளி ஒப்பிட வேண்டும். தள்ளுபடி, கமிஷன், குறைந்துபோன சரக்கு என்று சில சதவீதம் எப்போதும் குறையும், அது கவலைக்குரியதல்ல. அந்தச் சதவீதம் நிலையாக இல்லாமல் காலாண்டுக்குக் காலாண்டு அகலமானால் தோண்டிப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை எதிர்ப்பக்கக் கணக்கு. நம் நாட்டு ஏற்றுமதி என்பது அடுத்த நாட்டு இறக்குமதிதானே. சுங்கத் துறைகள் சரக்குகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் ஆடைகளுக்கு 61 பின்னலாடை, 62 நெய்த துணியில் தைத்தவை. இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் "பங்களாதேஷில் செய்தது" என்று எவ்வளவு பதிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. விலையிலும் (கப்பலில் ஏற்றும்வரையான விலை) இறக்குமதியைப் பெரும்பாலான நாடுகள் சி.ஐ.எஃப். விலையிலும் (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது) எழுதுவதால், கப்பல் கூலியையும் காப்பீட்டையும் கழிக்க வேண்டும். நாணய நிதியம் தன் வணிகத் தரவுகளில் இதற்கு முன்பு 10 சதவீதமும் பின்னர் 6 சதவீதமும் வைத்துக்கொண்டது. கடல் இல்லாத நாட்டுக்கு 6 போதாது. அமெரிக்கா சி.ஐ.எஃப். மதிப்போடு கப்பல் கூலி சேராத சுங்க மதிப்பையும் தனியாக வெளியிடுவதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. கப்பல் போய்ச் சேரும் காலத்துக்காக ஒன்றரை மாதம் தள்ளிப் பொருத்துங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன கப்பல்களுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் சேர்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கக் கணக்கு பொருந்தவில்லை என்றவுடன் "கள்ள இன்வாய்ஸ், கறுப்புப் பணம்" என்று எழுதிவிடாதீர்கள். ஜாம்பியாவின் செப்பு இதற்கு நல்ல பாடம். அந்நாட்டு ஆவணங்களில் பல ஆண்டுகள் செப்பில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துக்குப் போனதாக எழுதப்பட்டது. சுவிஸ் இறக்குமதியில் அது தென்படவே இல்லை. காரணம், வாங்கிய வணிக நிறுவனம் சுவிட்சர்லாந்தில் இருந்தது, செப்பு நேராகச் சீனாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனது. ஏற்றுமதி ஆவணத்தில் எழுதுவது அன்றைக்குத் தெரிந்த கடைசிச் சேருமிடம். இறக்குமதியில் எழுதுவது பொருள் உருவான நாடு. ராட்டர்டாம், ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் போகும் சரக்கு எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் இருக்கும். ஆகவே நாடு நாடாக ஒப்பிடாமல், ஒரு பொருளுக்கு எல்லா நாடுகளையும் கூட்டி ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மிச்சமிருக்கும் இடைவெளியில் எவ்வளவு மோசடி, எவ்வளவு தாமதம், எவ்வளவு குறியீட்டுத் தவறு என்று இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டேன் என்பவர் அனுமானத்தைத்தான் விற்கிறார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்றுமதிக்கு ரொக்க ஊக்கத்தொகை தரும் நாட்டில் மிகைப்படுத்தத் தூண்டுதல் உண்டு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகிய நாட்டில் குறைத்துக் காட்டத் தூண்டுதல் உண்டு. இடைவெளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் முன்பே இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எண் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது காலம். ஒரு மாதத்தைப் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுத் தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். 2021 ஏப்ரலில் பங்களாதேஷ் ஏற்றுமதி 500 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகச் செய்தி வந்தது, பொய் இல்லை. பொதுமுடக்கத்தில் ஆலைகள் மூடிக்கிடந்த 2020 ஏப்ரலில் வெறும் 52 கோடி டாலர்; 2021 ஏப்ரலில் 313 கோடி. ஆனால் 2019 ஏப்ரலில் 303 கோடி. இரண்டு ஆண்டுகளில் வளர்ந்தது மூன்று சதவீதம் சொச்சம்தான். (இவை பழைய, திருத்தாத எண்கள். மூன்றும் ஒரே வகைக் கணக்கு என்பதால் ஒப்பீட்டுக்குப் போதும்.) இன்னொரு பொறி ஈத் பெருநாள். அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், விடுமுறையில் ஆலை ஒரு வாரமோ அதற்கு மேலோ மூடும். விடுமுறை ஓர் ஆண்டு மே மாதத்திலும் அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் விழுந்தால் இரண்டு மாத எண்களுமே பயனற்றவை. பருவத் திருத்த மென்பொருள் இருந்தாலும் நகரும் பண்டிகையை அதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் பன்னிரண்டு மாத நகரும் கூட்டுத்தொகையை எடுங்கள், போதும். நாணயமும் டாலராகவே இருக்கட்டும். பங்களாதேஷ் நாணயமான டாக்கா 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 86 ஆக இருந்தது, 2024 மே மாதம் 117. டாக்கா நாணயத்தில் கணக்கிட்டால் ஒரு சட்டைகூடக் கூடுதலாக அனுப்பாமல் மூன்றில் ஒரு பங்கு "வளர்ச்சி" கிடைத்துவிடும்.

விலையையும் அளவையும் பிரிப்பதில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இதற்கு இலங்கைத் தேயிலையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2021-இல் ஏற்றுமதி சுமார் 28.6 கோடி கிலோ, வருமானம் சுமார் 132 கோடி டாலர். 2023-இல் சுமார் 24.2 கோடி கிலோ, வருமானம் சுமார் 131 கோடி. டாலரை மட்டும் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. கிலோவைப் பார்த்தால் 15 சதவீதம் சரிவு. கிலோவுக்குக் கிடைத்தது 4.62 டாலரிலிருந்து 5.41-க்கு, அதாவது 17 சதவீதம் ஏறியிருக்கிறது. 2021-இல் இரசாயன உரத்துக்குப் போட்ட தடை மலையகத் தோட்டங்களில் கொழுந்தைக் குறைத்தது, விலையேற்றம் அந்தக் குழியை மூடி மறைத்தது. இதை ரூபாயில் மட்டும் பார்த்தவருக்கு 2022 பொன்னான ஆண்டாகத் தெரிந்திருக்கும். ரூபாய் மார்ச்சில் 200 அளவிலிருந்து மே மாதத்தில் 360-க்குச் சரிந்த ஆண்டு அது. இங்கேயும் ஓர் எச்சரிக்கை: கிலோவுக்கு 17 சதவீதம் கூடியது என்பதால் விலை 17 சதவீதம் ஏறியது என்று ஆகாது. மூட்டைத் தேயிலை குறைந்து பாக்கெட்டும் டீ பேக்கும் கூடினாலும் சராசரி ஏறும். சராசரி அலகு மதிப்பு வேறு, விலைக் குறியீடு வேறு.

ஆடையில் இந்தச் சிக்கல் பத்து மடங்கு. டி-ஷர்ட் குறைந்து ஜாக்கெட் கூடினால் டஜனுக்குக் கிடைப்பது எகிறும், பருத்தியிலிருந்து செயற்கை இழைக்கு மாறினால் ஓர் உருப்படியின் எடையே மாறிவிடும். எனவே ஆறு இலக்கக் குறியீட்டு மட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அலகு மதிப்பைக் கணக்கிட்டு, ஓராண்டுக்குள் இரட்டிப்பதும் பாதியாவதுமான பதிவுகளை ஒதுக்கிவிட்டு (பெரும்பாலும் அவை அளவைத் தவறாக எழுதியவை), மிச்சத்தை ஃபிஷர் குறியீடாகக் கூட்டுங்கள். அது லாஸ்பியர் (பழைய ஆண்டின் அளவுகளை எடையாகக் கொண்டது), பாஷே (புதிய ஆண்டின் அளவுகளை எடையாகக் கொண்டது) என்ற இரண்டு விலைக் குறியீடுகளின் பெருக்குச் சராசரி. அந்த விலைக் குறியீட்டால் டாலர் மதிப்பை வகுத்தால் கிடைப்பது அளவு. சரிபார்க்க, அமெரிக்க வணிகத் துறை ஆடை இறக்குமதியைச் சதுர மீட்டருக்கு மாற்றி வெளியிடும் கணக்கு உதவும். ஒரு டஜன் பருத்திப் பின்னல் சட்டைக்கு 6 சதுர மீட்டர், ஒரு டஜன் பருத்திக் கால்சட்டைக்கு ஏறத்தாழ 15 என்று நிலையான மாற்று எண்கள் அதில் உண்டு. கரடுமுரடானதுதான், ஆனாலும் ஏற்றுமதி செய்யும் நாடு கை வைக்க முடியாத எண்.

நூல் விலை தெரியாமல் ஆடை விலையைப் பேசவும் கூடாது. 2011 மார்ச்சில் பருத்தி பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்து ஆடை ஏற்றுமதி வளர்ச்சியில் ஒரு பங்கு, பஞ்சுக்காரருக்குப் போய்ச் சேர்ந்த பணம். பங்களாதேஷ் தனக்கு வேண்டிய பருத்தியை ஏறக்குறைய முழுவதும் இறக்குமதிதான் செய்கிறது. நம் பக்கத்து நூற்பாலைகளின் நூலும் அங்கே போகிறது. மொத்த ஏற்றுமதி 100 என்றால் நாட்டில் தங்குவது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. இதற்குப் பங்களாதேஷ் வங்கி தன் காலாண்டு அறிக்கையில் ஆடை ஏற்றுமதியிலிருந்து பருத்தி, நூல், துணி, செயற்கை இழை இறக்குமதியைக் கழித்து ஒரு நிகர எண்ணைத் தருகிறது. பயனுள்ள எண், ஆனால் இரண்டு பக்கமும் கசியும். உள்நாட்டில் விற்கும் ஆடைக்கான துணியும் கழிந்துவிடுகிறது, அதனால் நிகரம் குறைவாகத் தெரியும். சாயம், ரசாயனம், எந்திரம், எரிபொருள் கழிவதில்லை, அதனால் கூடுதலாகத் தெரியும். இறக்குமதியான பஞ்சு சட்டையாக வெளியேறச் சில மாதங்கள் ஆகும் என்பதால் ஒரே காலாண்டில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதும் சரியில்லை. நான்கு காலாண்டு சேர்த்துப் பார்த்தால் நம்பலாம். பின்னலாடையில் நூலும் துணியும் பெரும்பாலும் உள்நாட்டிலேயே ஆவதால் தங்குவது அதிகம், நெய்த துணி ஆடையில் குறைவு. ஆகவே மொத்தம் அசையாமல் இருந்து 62-இலிருந்து 61-க்குக் கலவை நகர்ந்தால்கூட நாட்டுக்கு ஆதாயம்தான்.

இப்போது திறமை. "உலக வணிகம் 6 சதவீதம் வளர்ந்தது, நம் நாடு 5 சதவீதம்தான், பின்தங்கிவிட்டோம்" என்று சொல்வது சரியா? நிலைத்த சந்தைப் பங்குப் பகுப்பாய்வு இதற்கு எழுந்த முறைதான். கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். நாடு 80 டாலருக்குச் சட்டையும் 20 டாலருக்குச் சணலும் விற்கிறது. உலகில் எல்லாப் பொருளும் சேர்ந்து 6 சதவீதம் வளர்ந்தது, ஆனால் சட்டைக்கான தேவை 2 சதவீதம், சணலுக்கு 1 சதவீதம் மட்டுமே. நாடு தன் பங்கை இழக்காமலும் கூட்டாமலும் இருந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியது 1.6 + 0.2 = 1.8 டாலர். கிடைத்ததோ 5. ஆக, உலகோடு ஓடியிருந்தால் வந்திருக்கும் 6-இல், மெதுவாக வளரும் பொருளில் மாட்டிக்கொண்டதால் இழந்தது 4.2, போட்டியாளரிடமிருந்து பறித்தது 3.2. விற்பனையில் கெட்டிக்காரர்கள், ஆனால் தவறான சந்தையில் கடை போட்டிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். அந்த ஆலைகளுக்குச் சொல்ல வேண்டிய யோசனையும் அரசுக்குச் சொல்ல வேண்டிய யோசனையும் இதனால் வெவ்வேறாகின்றன.

ஆனால் அந்த 3.2-ஐ "போட்டித்திறன்" என்று பெயரிட்டு அறிக்கை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மிச்சம். தரம், விலை, வரிச்சலுகை, போட்டி நாட்டின் வேலைநிறுத்தம், கணக்குப் பிழை, எல்லாம் அதற்குள்தான் வந்து விழும். பங்களாதேஷ் ஆடைகள் ஐரோப்பாவுக்குள் சுங்க வரியின்றி நுழைகின்றன. அந்தச் சலுகையில் கிடைத்த பங்கையும் ஆலையின் திறமையால் கிடைத்த பங்கையும் இந்தக் கணக்கு பிரிக்காது. போதாக்குறைக்கு, தொடக்க ஆண்டின் எடைகளை எடுத்தால் ஒரு விடை, இறுதி ஆண்டின் எடைகளை எடுத்தால் வேறு விடை. முதலில் பொருளாகப் பிரித்துப் பிறகு நாடாகப் பிரித்தால் ஒன்று, மாற்றிப் பிரித்தால் இன்னொன்று. 1970-களின் தொடக்கத்திலேயே பொருளியலாளர் ரிச்சர்ட்சன் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். இரண்டு வழியிலும் போட்டு, விடையின் கூட்டல்-கழித்தல் குறி மாறாமல் இருந்தால் மட்டும் பேசுங்கள். வரிச்சலுகையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் வரி இல்லை, அமெரிக்காவில் வரி உண்டு. இரண்டு சந்தையிலும் ஒரே ஆறு இலக்கப் பொருளில் பங்கு எப்படிப் போகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

பொருளியலாளர் பலாசாவின் 1965-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒப்பீட்டு ஆதாயக் குறியீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு பொருள் நாட்டின் ஏற்றுமதியில் பெறும் பங்கை, உலக ஏற்றுமதியில் அதே பொருள் பெறும் பங்கால் வகுப்பது அது. பங்களாதேஷ் ஏற்றுமதியில் ஆடை 80 சதவீதத்துக்கு மேல், உலகில் 2 சதவீதம் சொச்சம். விடை முப்பதைத் தாண்டும். அதனால் என்ன தெரிகிறது? ஒன்றைப் பற்றிக்கொண்டு நாடு நிற்கிறது என்பது மட்டுமே. சணலும் தோலும் இறாலும் சரிந்தால் ஆடை ஒரு டாலர்கூடக் கூடாமலேயே இந்தக் குறியீடு ஏறும்! ஆண்டுக்கு ஆண்டு திறனை அளக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் கேள்விக்கே திரும்பினால், 2024-25-க்குப் பணியகம் சொன்ன எண் 4,828 கோடி டாலர். 2023-24-இன் திருத்திய 4,447 கோடியோடு ஒப்பிட்டால் 8.6 சதவீத வளர்ச்சி. இரண்டும் திருத்தத்துக்குப் பிந்தைய கணக்கு என்பதால் இந்த ஒப்பீட்டை நம்பலாம். அளவு எவ்வளவு, விலை எவ்வளவு என்பதைத்தான் மேலே சொன்ன வழியில் பிரிக்க வேண்டும். இதே 4,828-ஐ 2022-23-க்கு அன்று வெளியான 5,556 கோடியோடு ஒப்பிட்டு 13 சதவீதச் சரிவு என்று சிலர் வரைபடம் போடுகிறார்கள். அந்த 5,556 பழைய கணக்கு. மத்திய வங்கியின் செலுத்துநிலைக் கணக்கு அதே ஆண்டுக்கு எழுதியது சுமார் 4,336 கோடி. 2024-க்கு முன்பு பதிவிறக்கிய கோப்பு ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். தொடரை முதலிலிருந்து மறுபடி இறக்கி, எந்தத் தேதியில் இறக்கியது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.